மீட்பு விழுக்காடு

மூன்று பைகளில் வந்தது மண்.
மேசைமேல் இறக்கிவைத்த தபால்காரர்
"பிணக்கனம்" என்றார்.
படிவத்தில் பெயர் ஸ்லாவ்கோ த்ரெவென்ஷெக்,
பூசணி விவசாயி, த்ராவா சமவெளி.
இயற்கை விளைச்சல் முத்திரைக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

எதிராளி யார் என்று கேட்கும் கட்டம்
எங்கள் படிவத்தில் கிடையாது.
ஓரத்தில் அவரே கோடு கிழித்து எழுதியிருந்தார்:
பக்கத்து நிலத்து பெர்னாத், சோளம் போடுகிறவன்.
காற்றடிக்கும் நாளாகப் பார்த்துக்
களைக்கொல்லி தெளித்தான்.
அறிக்கையின் நகல் அவனுக்கும் போகட்டும்.

போகட்டும் என்பதன் கீழ் இரண்டு கோடு.
இரண்டாவது, தாளைக் கிழித்திருந்தது.

தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தினேன்.
அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால்
சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விடும்.
பாதி மண்புழு, ஒரு கண்ணாடிச் சில்லு,
ஒரு பூசணி விதை.
அந்தப் பக்கத்துப் பூசணிக்கு விதைத்தோல் இல்லை,
உள்ளே பச்சையாக, அம்மணமாகவே கிடக்கும்.
சல்லடை எல்லாவற்றையும் வெளியே நிறுத்தியது.

பத்து கிராம் மண்.
தண்ணீர். அசிட்டோநைட்ரைல்.
மூடியைத் திருகிக் குலுக்கியில் செருகினால்
அரைமணி நேரம் ஒரே ஆட்டம்.
நான் சாண்ட்விச் சாப்பிட்டேன்.

அப்புறம் உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்தக் குழாயில் உப்பிட்டதும் உறவு முறிகிறது:
ஒன்றாய்க் கலந்திருந்த இரண்டு திரவமும்
மேலும் கீழுமாய் ஒதுங்கிக்கொள்கின்றன,
மேலே போவது நஞ்சைத் தன்னோடு தூக்கிப்போகிறது.
மெக்னீசியம் சல்பேட் நீரைக் குடிக்கும்போது
குழாய் சுடும்.
பிப்ரவரி மாதம், மாரிபோரில், இந்தக் கட்டடத்தில்
எனக்குக் குளிர்காய அதுதான்.

பக்கத்திலேயே இன்னொரு குழாய்,
மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த களங்கமற்ற மண்.
அதில் நானே அளந்து நஞ்சிடுவேன்,
நானே திருப்பிக் கேட்பேன்.
நூறு கொடுத்தால் எண்பத்தாறு வரும்.
மீதிப் பதினாலைக் களிமண் பிடித்துக்கொண்டு
இல்லை என்று சாதிக்கும்.
தணிக்கைக்கு வருகிறவர் நல்ல எண் என்று கையெழுத்திடுவார்.
என் மைத்துனன் அப்படித்தான் கடன் வாங்குவான்,
அவனை யாரும் நல்ல எண் என்று சொன்னதில்லை.

கருவி இரவெல்லாம் ஓடியது.
பெர்னாத் தெளித்திருக்கக்கூடிய எதற்கும்
கோடு எழுந்திருக்கவே இல்லை,
வெயில் நாயாய்ப் படுத்தே கிடந்தது.
ஏழாவது நிமிடத்துக்குச் சற்று முன் ஒரு முகடு.
அட்ரசீன்.
கடைகளிலிருந்து அது போய் இருபது வருஷத்துக்கு மேல்.
பக்கத்தில் அதைவிட உயரமாய் அதன் பிள்ளை,
ஒரு கை உதிர்ந்தது.
தாயை மிஞ்சிப் பிள்ளை வளர்ந்திருந்தால்
நஞ்சு பழையது.
போன மே மாதத்துக் காற்றில் வந்ததல்ல.

நம்பவில்லை. மறுபடி பத்து கிராம்,
மறுபடி உப்பு, மறுபடி சூடு.
அதே முகடு, அதே பிள்ளை.

விதியின்படி முடிவை முதலில் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
தொலைபேசியில் எண்ணெய்ச் செக்கு ஓடும் சத்தம்,
பிறகு யாரோ அதை நிறுத்திய சத்தம்.
"நிலம் எப்போதிருந்து உங்களிடம்?"
படிவத்தில் விட்டுப்போன கட்டத்துக்காகத்தான் கேட்டேன்.

"எப்போதும்" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"டிராக்டர் ஓட்டினது நான்.
அப்போது இருபத்திரண்டு வயசு.
சட்டை கழற்றிவிட்டுத்தான் தெளிப்போம்,
வெயிலுக்கு."

நான் எண்களைப் படித்தேன்.
எண்களைப் படிப்பது சுலபம்.
கடைசியில் கேட்காமல் இருக்க முடியவில்லை:
"பெர்னாத்துக்கு நகல், இன்னும் அனுப்பவா?"

செக்கு மறுபடி ஓடத் தொடங்கியது.
வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"வீட்டு எண் பதினேழு என்று எழுதியிருப்பேன்.
பத்தொன்பது.
திருத்திக்கொள்ளுங்கள்."